சைக்கிள் பாட்டில் கேஜ் கோளாறுகள்: எகிறும் பாட்டில், கடகடக்கும் கேஜ், சும்மா சுற்றும் போல்ட்

பாட்டில் ரோட்டில் விழுந்து உருண்ட அன்றைக்கே புது கேஜ் (ஃபிரேமில் பாட்டிலைக் கவ்விப் பிடிக்கும் கூடு) வாங்கக் கிளம்பிவிடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் அது வீண் செலவு. கோளாறு பாட்டிலின் சுற்றளவில் இருக்கும்; இல்லாவிட்டால் ஒரு டீ விலைகூடப் பெறாத வாஷரில் இருக்கும். கேஜை மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். எதிலும் காசில்லாத வேலை முதலில், பட்டறைக்குப் போகிற வேலை கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை: 4 மி.மீ., 3 மி.மீ. ஆலன் கீ (பட்டறையில் எல் கீ என்பார்கள்), 8ஆம் நம்பர் ஸ்பேனர், தையல் நூல், ஸ்கேல், ஒரு விரல் கிரீஸ், ஒரு துண்டு பழைய ட்யூப். தலை உருளையாக உயர்ந்து நிற்கும் போல்டுக்கு 4 மி.மீ. கீ, குடை போலத் தட்டையாக வளைந்த தலைக்கு 3 மி.மீ. கீ. 4 போகவில்லையே என்று வேறு எதையாவது திணித்துத் திருகினால் தலை வழித்துவிடும்.

மூன்று அளவுகளை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஃபிரேமில் இருக்கும் இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் 64 மி.மீ. அதில் போகும் போல்ட் எம் 5 (5 மி.மீ. தடிமன்), மரை (திருகு வரி) இடைவெளி 0.8 மி.மீ. சைக்கிளுக்கென்றே செய்த பாட்டிலின் குறுக்களவு 73 முதல் 74 மி.மீ., அதாவது நூலால் சுற்றி அளந்தால் 23 செ.மீ. சொச்சம்.

வேகத்தடையில் பாட்டில் எகிறி விழுகிறது

முதலில் பாட்டிலை அளக்க வேண்டும். கேஜ் கவ்விப் பிடிக்கிற இடத்தில் தையல் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, நூல் சந்திக்கும் புள்ளியை நகத்தால் கிள்ளிப் பிடித்து, அப்படியே ஸ்கேலில் வையுங்கள்.

*23 செ.மீ. வருகிறது என்றால்* பாட்டில் சரி, கேஜின் கைகள் விரிந்திருக்கின்றன. அலுமினியக் கம்பி கேஜ் என்றால் பாட்டிலை எடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஒரே அளவாக உள்பக்கம் அழுத்துங்கள். வாய் இரண்டு மூன்று மி.மீ. சுருங்கினால் போதும். ஒரு பக்கக் கையை மட்டும் நெருக்கினால் பாட்டில் சாய்ந்து நின்று பெடல் மிதிக்கிற தொடையில் இடிக்கும். இதை வாராவாரம் செய்யக்கூடாது. அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால், கம்பி பற்றவைத்த இடத்தில் மயிரிழை போலக் கீறல் விடும். அடுத்த பள்ளத்தில் கேஜ் கையோடு வந்துவிடும். பிளாஸ்டிக் கேஜ் வளையாது. வெயிலில் நின்று நின்று அதன் கைகள் தொளதொளத்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். கார்பன் கேஜை வளைத்துப் பார்க்கவே கூடாது, படீரென்று உடையும்.

*22.5 செ.மீ.க்குக் கீழே வருகிறது என்றால்* பாட்டில் ஒல்லி. வீட்டில் இருக்கும் ஸ்டீல் பாட்டில்கள் பல இந்த ரகம்தான். இடுப்பில் பள்ளமும் இருக்காது, வெளியே வழவழப்பு வேறு. சைக்கிள் பாட்டிலின் இடுப்பில் ஒரு பள்ளம் இருப்பது அழகுக்கு அல்ல. கேஜின் மேல்பக்கத்து நாக்கு அதில் உட்கார்ந்துதான் பாட்டிலை மேலே எழும்பவிடாமல் பிடிக்கிறது. பள்ளமே இல்லாத பாட்டிலை உராய்வு ஒன்றுதான் பிடித்து நிற்கிறது. பழைய சைக்கிள் ட்யூபை 2 செ.மீ. அகல நாடாவாக வெட்டி, கேஜின் இரு கைகளிலும் இழுத்துச் சுற்றி, நுனிகளைக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். பாட்டிலிலேயே ரப்பர் வளையம் மாட்டலாம் என்று தோன்றினால் சைக்கிள் ட்யூப் உதவாது, அவ்வளவு தூரம் விரியாது. பைக் ட்யூபில் வெட்டிய வளையம் ஏறும், இறுக்கமாகவும் நிற்கும்.

*கடையில் வாங்கிய மினரல் வாட்டர் பாட்டில் என்றால்* அளப்பதே வீண். கம்பெனிக்குக் கம்பெனி சுற்றளவு மாறும். சுவரும் மெல்லிசு. நிறைந்திருக்கும்வரை கெட்டியாக நிற்கும். பாதி குடித்ததும் அமுங்கிக் கேஜின் பிடியிலிருந்து நழுவும். மதுரைச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் இன்னும் துவண்டுபோகும். இந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டு கேஜை நெருக்கினீர்கள் என்றால், பிறகு நல்ல பாட்டில் அதில் நுழையாது. தினமும் இதைத்தான் எடுத்துப் போவீர்கள் என்றால், பின்னால் வரும் ‘வாங்கியே ஆக வேண்டும் என்றால்’ பகுதியைப் பாருங்கள்.

சரி செய்துவிட்டோமா என்று பார்க்க ரோட்டுக்குப் போக வேண்டாம். பாட்டிலை நிறைத்து மாட்டி, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு உலுக்கு உலுக்குங்கள். அசையவில்லை என்றால் அழகர்கோவில் போய்த் திரும்பலாம். லேசாக நழுவினாலும் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கண்டிப்பாக விழும். விழுகிற பாட்டில் பின்னால் வருகிறவரின் முன் சக்கரத்துக்கு அடியில் போகும். குழுவாக ஓட்டுகிறவர்கள் கிளம்பும்முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

கடகடவென்று சத்தம்

பாட்டிலை எடுத்துவிட்டு அதே ரோட்டில் ஐம்பது மீட்டர் ஓட்டுங்கள்.

*சத்தம் நின்றுவிட்டது.* அப்படியானால் பாட்டில்தான். ஸ்டீல் பாட்டில் அலுமினியக் கம்பியில் இடிக்கிற சத்தத்துக்கு மேலே சொன்ன ட்யூப் நாடாவே மருந்து. அதற்கும் முன்னால் மூடியைப் பாருங்கள். தூக்கிப் பிடிக்க ஒரு வளையம் தொங்கினால் அதுவே ஆடிக் கத்தும். ஒரு ரப்பர் பேண்ட் போட்டு மூடியோடு கட்டிவிடுங்கள்.

*பாட்டில் இல்லாமலும் சத்தம் வருகிறது.* கேஜைப் பிடித்து இழுத்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். ஆடவில்லை என்றால் கேஜ்மேல் பழி போடாதீர்கள். பிரேக், கியர் கேபிள்கள் ஃபிரேமுக்கு உள்ளே ஓடும் வண்டிகளில், கேபிள் குழாய்ச் சுவரில் தட்டுகிற சத்தம் சரியாகப் பாட்டில் இருக்கும் இடத்திலிருந்தே வருவதுபோலக் கேட்கும். வண்டியைச் சாய்த்து ஆட்டும்போது ஏதோ உருண்டு ஓடுகிறது என்றால், முன்பு யாரோ உடைத்த போல்டின் துண்டு உள்ளே கிடக்கிறது. சீட் போஸ்டை உருவிவிட்டு வண்டியைக் கவிழ்த்தால் சில நேரம் வெளியே வரும். வராவிட்டால் அடுத்த முறை பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றும்போது எடுக்கச் சொல்லிவிட்டு மறந்துவிடலாம்.

இறுக்கினாலும் பத்து நாளில் போல்ட் தளர்ந்துவிடுகிறது

வாஷர் இருக்கிறதா? கேஜின் துளை வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும், மேலும் கீழும் நகர்த்திப் பொருத்த வசதியாக. சின்னத் தலை போல்டை வாஷர் இல்லாமல் போட்டால் தலை அந்த நீள்துளையின் விளிம்பில் மட்டும் உட்காரும், அதிர அதிரத் தளரும். எம் 5 வாஷர் ஒன்று போதும்.

அடுத்து நீளம். பெரும்பாலான கேஜுக்கு 12 மி.மீ. போல்ட் போதும். கேஜுக்கு அடியில் பம்ப் கிளிப்போ பூட்டின் கிளிப்போ சேர்த்து மாட்டியிருந்தால் அதே 12 மி.மீ. போல்ட் இரண்டு மூன்று சுற்றுதான் மரையைப் பிடித்திருக்கும். ஐந்தாறு முழுச் சுற்றாவது பிடிக்க வேண்டும். 16 அல்லது 20 மி.மீ. வாங்குங்கள். ஆனால் சீட் குழாயில் இருக்கும் துளைக்கு நீளமாக வாங்கினால் நுனி உள்ளே சீட் போஸ்டில் முட்டும். சீட்டை இறக்கும்போது திடீரென்று ஓரிடத்தில் நின்றுவிட்டது என்றால் அந்த போல்ட்தான் காரணம்.

போல்டைக் கழற்றி, மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். கிரீஸ் போட்டும் தளர்ந்தால் கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு. சிவப்புப் பசை வேண்டவே வேண்டாம், பிறகு சூடுகாட்டாமல் கழற்ற முடியாது. பசையும் கிரீஸும் சேர்த்துப் போட்டால் இரண்டும் வேலை செய்யாது.

எவ்வளவு இறுக்குவது? 2 முதல் 3 நியூட்டன் மீட்டர். அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஆலன் கீயின் நீளக் காலை போல்டில் விட்டு, குட்டைக் காலைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து, வருகிறவரை இறுக்கினால் சரியாக இருக்கும். நீளக் காலைப் பிடித்துத் தம் கட்டி இறுக்குகிறவர்கள்தான் அடுத்த தலைப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது.

போல்ட் சும்மா சுற்றுகிறது, இறுகவும் இல்லை, வரவும் இல்லை

இதில்தான் அதிகம் பேர் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அலுமினிய ஃபிரேமின் குழாய்ச் சுவர் மெல்லியது, அதில் நேராக மரை வெட்ட முடியாது. அதனால் துளையில் ரிவெட் நட்டு ஒன்றை நுழைத்து, உள்பக்கம் உப்பவைத்து நிறுத்தியிருப்பார்கள். வெளியே அதன் விளிம்பு மட்டும் மெல்லிய வளையமாகத் தெரியும். கேஜுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்தபடி போல்டை மெதுவாகத் திருகுங்கள்.

*வளையமும் சேர்ந்து சுற்றுகிறது.* ரிவெட் நட்டு தளர்ந்திருக்கிறது. மரை நன்றாகவே இருக்கும்.

*வளையம் அசையவில்லை, போல்ட் மட்டும் இறுகுவதுபோல வந்து ‘டக்’கென்று நழுவுகிறது.* மரை போய்விட்டது.

முதல் வகைக்கு வீட்டிலேயே வைத்தியம் உண்டு. முதலில் போல்டை வெளியே எடுக்க வேண்டும். கேஜுக்கு அடியில் தட்டைத் திருப்புளியை நுழைத்து நெம்பி, கேஜை ஃபிரேமிலிருந்து விலக்குவதுபோல அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்டைக் கழற்றுங்கள். அந்த இழுப்பில் ரிவெட் நட்டின் உள்பக்க உப்பல் குழாய்ச் சுவரில் அழுந்திச் சுற்றாமல் நிற்கும். மூக்குக் குறடால் வளையத்தைப் பிடிக்க இடமிருந்தால் அதையும் செய்யலாம், பெயின்ட் உரிவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்ததும் ரிவெட் நட்டை மறுபடி இறுக்கி உட்காரவைக்கலாம். தேவை: 30 மி.மீ. நீள எம் 5 போல்ட் ஒன்று (தலையில் 8.8 அல்லது 12.9 என்று பொறித்த கெட்டி ரகம்), எம் 5 நட்டு ஒன்று, வாஷர் இரண்டு.

நட்டை போல்டின் தலைவரை ஏற்றுங்கள். அடுத்து இரண்டு வாஷர்களைப் போட்டு, அவற்றுக்கு நடுவே கிரீஸ் தடவுங்கள். இப்போது போல்டை ரிவெட் நட்டுக்குள் எட்டுச் சுற்றாவது கையால் ஏற்றுங்கள். மரை முழு நீளத்துக்கும் பிடித்திருக்க வேண்டும். பிறகு நட்டை வாஷர்மேல் உட்காரும்வரை இறக்குங்கள். ஆலன் கீயால் போல்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, 8ஆம் நம்பர் ஸ்பேனரால் நட்டை மட்டும் கடிகாரச் சுற்றாகத் திருகுங்கள். போல்ட் வெளியே இழுக்கப்படும். உள்ளே ரிவெட் நட்டு நசுங்கி உப்பிச் சுவரைக் கவ்வும். அரைச் சுற்றாகப் போங்கள். மொத்தம் ஒன்று, ஒன்றரைச் சுற்றுக்குள் கை கனக்கும். அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் மரை உரிந்துவிடும். போல்டின் தலையைப் பிடிக்காமல் நட்டைத் திருகினால் மொத்தமும் சேர்ந்து சுற்றும், எதுவும் நடக்காது.

இரண்டாம் வகைக்கு, அதாவது மரை போனதற்கு, முதலில் எம் 5 டேப் (மரை வெட்டும் கருவி) ஒருமுறை விட்டுப் பார்க்கலாம். மரை வெறுமனே கோணலாக ஏறியிருந்தால் சரியாகிவிடும். உரிந்தே போயிருந்தால் பழைய ரிவெட் நட்டைத் துளைபோட்டு எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். எம் 5 ரிவெட் நட்டுக்கு 7 மி.மீ. துளை. அதைப் பிடித்து இழுக்கும் குறடு அலுமினிய ஜன்னல் வேலை செய்கிறவர்களிடமும் சிலரிடம் இருக்கும். பட்டறையில் “அண்ணே, போல்ட் நிக்கல” என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தால், வெல்டிங் வைத்து நட்டை ஒட்டிக்கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. அலுமினியக் குழாயில் அந்த வேலை ஃபிரேமையே பலவீனமாக்கும். சொல்ல வேண்டியது இப்படி: “அண்ணே, இது அலுமினிய ஃபிரேம். எம் 5 ரிவெட் நட்டு மரை போயிருச்சு. பழசைத் துளைபோட்டு எடுத்துட்டு புதுசு வைக்கணும், வெல்டிங் வேணாம்.”

இரும்பு ஃபிரேமில் கதை வேறு. அங்கே மரைக்குழியைப் பித்தளைப் பற்றாகவோ வெல்டிங்காகவோ குழாயோடு சேர்த்தே வைத்திருப்பார்கள், சுற்றாது. மரை போனால் 5 மி.மீ. துளை போட்டு எம் 6 டேப் விட்டு, கேஜின் துளையையும் அதற்கு ஏற்ப ராவிக்கொள்ளலாம். லேத் பட்டறையில் சின்ன வேலை. ரிவெட் நட்டில் இதைச் செய்யக்கூடாது; அதன் சுவர் அவ்வளவு தடிமன் இல்லை.

கார்பன் ஃபிரேமில் இந்தத் தலைப்பில் சொன்ன எதையும் கையால் தொடாதீர்கள். வண்டி வாங்கிய கடைக்கு எடுத்துப் போங்கள்.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது

இரும்பு போல்டும் அலுமினிய மரையும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று அரித்துப் பூட்டிக்கொள்ளும். வியர்வை சொட்டுவது ஒரு பக்கம். உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் பாட்டில் மூடியில் கசிந்து நேராக இந்தப் போல்ட் தலைமேல்தான் இறங்கும்.

ஆலன் குழியில் அடைத்த மண்ணை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, கீயைச் சுத்தியலால் லேசாகத் தட்டி அடிவரை உட்காரவைத்த பிறகே திருகுங்கள். குழி வழிப்பது பெரும்பாலும் கீ பாதியில் நின்றதால்தான். வரவில்லை என்றால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் முதலில் இறுக்குகிற திசையில் ஒரு நூல் அளவு அசைத்து, பிறகு கழற்றுங்கள்.

குழி ஏற்கெனவே வழித்துவிட்டதா? 4 மி.மீ. குழி என்றால் டி 25 நட்சத்திர பிட் ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் பல நேரம் பிடித்துக்கொள்ளும். அதுவும் நழுவினால் ஹாக்சா பிளேடால் தலையில் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டுத் தட்டைத் திருப்புளி வையுங்கள். இதற்கும் மசியாவிட்டால் தலையை 5 மி.மீ. பிட்டால் துளைத்து எடுக்க வேண்டும். தலை போனதும் கேஜ் விடுபடும்; மிச்சக் குச்சியைக் குறடால் பிடித்துத் திருகலாம். டிரில் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் பட்டறைக்குப் போய்விடுங்கள். பிட் நழுவினால் குழாயில் ஓட்டை விழும்.

கேஜே வேண்டாம் என்று கழற்றி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போல்டுகளைத் திரும்ப அந்தத் துளைகளில் மாட்டிவிடுங்கள். திறந்த துளை வழியாக ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, நேராகப் பாட்டம் பிராக்கெட்டில் தேங்கித் துருப்பிடிக்கவைக்கும்.

பாட்டில் நுழையவில்லை, அல்லது மேல் பாரில் இடிக்கிறது

கேஜுக்குள்ளேயே போகவில்லை என்றால் நூல் அளவு பாருங்கள். 23.5 செ.மீ.க்கு மேல் என்றால் பாட்டில் பருமன். புது பிளாஸ்டிக் கேஜ் முதல் வாரம் இறுக்கமாகத்தான் இருக்கும், அதைத் தளர்த்த வேண்டாம். அலுமினியக் கேஜை விரிப்பதானால் பாட்டிலை வைத்து நெம்பாதீர்கள். கையால் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள்.

கேஜுக்குள் போகிறது, ஆனால் உருவும்போது மேல் பாரில் இடிக்கிறது என்றால் அது சின்ன ஃபிரேம்களின் பொதுவான வியாதி. முதலில் போல்டுகளைத் தளர்த்தி, நீள்துளை அனுமதிக்கிற மட்டும் கேஜைக் கீழே இறக்குங்கள். சில மி.மீ.தான் கிடைக்கும், சில நேரம் அதுவே போதும். போதாவிட்டால் ஒரு லிட்டரை விட்டுவிட்டு அரை லிட்டர் பாட்டிலுக்கு மாறுங்கள். அதற்கும் மேல் போனால் பக்கவாட்டில் செருகும் கேஜ். வாங்கும்போது வலம், இடம் பார்க்க வேண்டும். எந்தக் கையால் எடுப்பீர்களோ அந்தப் பக்கம் திறப்பு. இடது பக்கப் போக்குவரத்து ரோட்டில், வலது கை முன் பிரேக்கில் இருக்கிற வண்டிக்கு இடது கையால் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்வது வசதி.

சீட் குழாயில் இரண்டாவது கேஜ் மாட்டும்போது முன் கியர் மாற்றியின் பட்டை கீழ்த் துளைக்கு நேராக வந்து மறிக்கலாம். துளைக்கும் கேஜுக்கும் நடுவே இரண்டு மூன்று வாஷர் அடுக்கிக் கேஜை உயர்த்தி, போல்டையும் அதற்கேற்ப நீளமாகப் போடுங்கள். இரண்டு போல்டுக்கும் ஒரே உயரம் கொடுங்கள்.

ஃபிரேமில் துளையே இல்லை

பெரிய சைக்கிள், பழைய லேடீஸ் சைக்கிள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓட்டுகிற பல வண்டிகள் இந்த வகை. மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் இன்னும் பாதி வண்டிகள் இதுதானே. முதல் விதி: குழாயில் துளை போடாதீர்கள். துளைபோட்ட இடத்தில்தான் பின்னாளில் குழாய் பிளக்கும்.

குழாயின் குறுக்களவு தெரிய வேண்டும். மறுபடி தையல் நூல். சுற்றளவு 8 செ.மீ. வந்தால் குழாய் 25.4 மி.மீ.; 9 செ.மீ. வந்தால் 28.6, 10 செ.மீ. வந்தால் 31.8. கணக்கே போட வேண்டாம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கிளாம்ப் வாங்கும்போது கடைக்காரரிடம் இந்த மி.மீ. எண்ணைச் சொல்லுங்கள்.

இடம் எது? கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிளில் கீழ்க் குழாயை விட்டுவிடுங்கள். பின் பிரேக்கின் கம்பி அதை ஒட்டித்தான் இறங்குகிறது, கேஜ் அதில் சிக்கும். சீட் குழாயின் முன்பக்கம் பம்ப் இல்லை என்றால் அதுதான் நல்ல இடம்.

மலிவான வழி ஹோஸ் கிளிப். ஹார்டுவேர் கடையில் 40 மி.மீ. வரை விரியும் ஸ்டெயின்லெஸ் கிளிப் இரண்டு வாங்குங்கள். குழாயில் ட்யூப் ரப்பரை ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கேஜின் முதுகுப் பட்டையை வைத்து, மேலும் கீழுமாக இரண்டு கிளிப். ரப்பர் இல்லாமல் போட்டால் நாலு நாளில் பெயின்ட் உரிந்து அந்த இடம் துருவேறும். கிளிப்பின் திருகுத் தலையும் வால் நுனியும் தொடைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; வேட்டியோ சேலையோ மாட்டும். வாலை வெட்டிவிட்டு நுனியை ராவி, ட்யூப் துண்டால் மூடுங்கள். அலுமினியம், கார்பன் ஃபிரேம்களுக்கு இந்த ஹோஸ் கிளிப் வைத்தியம் கூடாது, குழாயை நசுக்கும்.

ஹேண்டில் பாரில் மாட்டும் கிளாம்ப் கேஜ் கையெட்டும் தூரத்தில் இருக்கும், சரிதான். ஆனால் முக்கால் லிட்டர் தண்ணீர் முக்கால் கிலோ. அது ஹேண்டிலின் ஒரு பக்கத்தில் தொங்கினால் ஒரு கை ஓட்டத்தில் வண்டி இழுக்கும். அரை லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் பிடித்துப் பாருங்கள். லிவர் பாட்டிலில் தொட்டால் அந்த இடம் ஆகாது.

கேஜ் முறிந்துவிட்டது

அலுமினியக் கம்பி முறிவது பெரும்பாலும் கீழே, பாட்டில் உட்காரும் வளைவு முதுகுப் பட்டையோடு சேரும் இடத்தில். ஒட்டவைக்கத் தனி வெல்டிங் வேண்டும், கூலியைவிடப் புது கேஜ் மலிவு. இரும்புக் கேஜ் என்றால் பித்தளைப் பற்று வைத்தால் இன்னும் பல வருஷம் ஓடும். பிளாஸ்டிக்கில் எம் சீல் தடவுவது அடுத்த பள்ளம் வரைதான்.

ஆனால் புதிது மாட்டும்முன், பழையது ஏன் முறிந்தது என்று பாருங்கள். ஒரு போல்ட் தளர்ந்து, மொத்த ஆட்டமும் மற்றொன்றின் பக்கம் விழுந்திருக்கலாம். அல்லது தண்ணீரோடு ஒரு கிலோவைத் தாண்டுகிற ஸ்டீல் பாட்டிலை, கீழக்குயில்குடிப் பக்கத்துக் கல்லுப் பாதையில் தினமும் சுமக்கவைத்திருக்கலாம். காரணம் அப்படியே இருந்தால் புதியதும் அதே இடத்தில் முறியும்.

பாட்டிலில் கறுப்புக் கறை, வாயில் புழுதி

கறுப்பு, மேல்பூச்சுத் தேய்ந்த அலுமினியம் விடுகிற மை. உடம்புக்கு ஒன்றும் செய்யாது, வெள்ளைப் பாட்டிலுக்குத்தான் கேடு. ட்யூப் நாடா சுற்றினால் நிற்கும். புழுதிக்கு மூடி போட்ட வாய் உள்ள பாட்டிலும் முன் சக்கரத்துக்கு மட்கார்டும். கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில் மூன்றாவது கேஜ் துளை உள்ள வண்டிகளில் அங்கே குடிதண்ணீர் வைக்காதீர்கள். முன் சக்கரம் வாரி இறைக்கிற சாணியும் சேறும் முதலில் படுவது அங்கேதான். டப்பாவில் ட்யூபும் ஸ்பேனரும் போட்டு அதில் செருகலாம்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால்

கடைக்கு வண்டியோடு போவதைவிடப் பாட்டிலோடு போவது முக்கியம். தண்ணீர் நிறைத்தே எடுத்துப் போங்கள், காலிப் பாட்டில் எந்தக் கேஜிலும் நிற்கும். எந்தப் பாட்டில் என்பது முடிவாகவில்லை என்றால் முதலில் அதை முடிவு செய்யுங்கள். அழகர்கோவில் மதுரையிலிருந்து சுமார் 21 கி.மீ.; சித்திரையில் போய்வர ஒரு பாட்டில் பத்தாது, இரண்டு கேஜ் வேண்டும். ஊருக்குள் ஆபீஸ் போகிறவருக்கு ஒன்று போதும்.

சைக்கிள் பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு அலுமினியக் கம்பி கேஜ்தான் எங்கள் பரிந்துரை. தளர்ந்தால் கையால் நெருக்கலாம், வெயிலுக்கு வெடிக்காது, விலையும் சில நூறு ரூபாய்க்குள். ஸ்டீல் பாட்டிலுக்கு இரும்புக் கேஜ், ட்யூப் நாடாவோடு. மினரல் வாட்டர் பாட்டிலை விட மாட்டேன் என்கிறவர்களுக்கு அளவு மாற்றக்கூடிய கேஜ் உண்டு: மேலே ஒரு திருகோ பல் வைத்த பட்டையோ இருக்கும், அதை நகர்த்தி ஒல்லிக்கும் பருமனுக்கும் பொருத்தலாம். அந்தப் பல்லைக் கடையிலேயே பத்துத் தடவை மாற்றிப் பாருங்கள். வழுக்குகிறது என்றால் வேண்டாம். கார்பன் கேஜில் மிச்சமாகிற எடை, பாட்டிலில் நாலு மடக்குத் தண்ணீர் குறைத்தால் வந்துவிடும்.

கேஜோடு போல்ட் வருகிறதா என்றும் கேளுங்கள். சில ஃபிரேம் துளைகளில் ஏற்கெனவே போல்ட் இருக்கும், சிலவற்றில் வெறும் பிளாஸ்டிக் மூடி. போல்ட் தரவில்லை என்றால் எம் 5, 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் இரண்டு, வாஷர் இரண்டு. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்று கிரீஸை விட்டுவிடாதீர்கள். அலுமினிய மரையோடு பூட்டிக்கொள்வதில் அதுவும் இரும்புதான்.